எந்தப் பெட்டியில் எந்தப் பாட்டு? – 9: சுருதிப் பெட்டியும் நஞ்சம்மாவும்

இசைக்கு விருது வழங்கும் அமைப்புகள் பாட்டைப் பிரிவு பிரிவாகப் பகுத்துக்கொண்ட வரலாற்றைப் பேசிவரும் இத்தொடர், சென்ற வாரம் நியூயார்க் நகரத்து நீதிமன்ற வாசலில் நின்றது. அங்கே நடந்ததைச் சுருக்கமாக நினைவில் கொண்ட பிறகே கோயம்புத்தூருக்கு மேற்கே உள்ள மலைகளுக்கு வழி திரும்ப முடியும். ஏனெனில் இந்த வாரத்துக் கதை, அந்தக் கதையைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தது போன்றது.

1959 முதல் வழங்கப்பட்டுவரும் கிராமி விருதுகளில் பிரிவுகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி 109 ஆகியிருந்தன. 2011 ஏப்ரல் 6 அன்று, அவ்விருதை நடத்தும் ரெக்கார்டிங் அகாடமி அவற்றை 78 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. ஹவாய்த் தீவு இசையும், அமெரிக்கப் பூர்வகுடிகளின் இசையும், லூசியானா மாநிலத்தின் கேஜன், சைடிகோ இசை வகைகளும் ‘வட்டார வேர் இசை’ என்ற ஒரே கூரையின் கீழ் தள்ளப்பட்டன. லத்தீன் ஜாஸ் ஆல்பத்துக்கான தனிப் பிரிவு அடியோடு நீக்கப்பட்டது.

லத்தீன் ஜாஸ் என்பது கியூபா முதலிய கரீபியன் நாடுகளின் ஆப்பிரிக்க வழித் தாளங்களும், கருப்பின அமெரிக்கரின் ஜாஸ் இசையும் கலந்து பிறந்த வடிவம். 1940-களின் நியூயார்க்கில் மாச்சிட்டோ இசைக்குழுவில் மாரியோ பௌசா தொடங்கிவைத்த கலப்பு அது. இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து அடிகளாலான ‘கிளாவே’ என்ற தாளக்கட்டே அதன் முதுகெலும்பு. பியானோவோ டிரம்பெட்டோ எவ்வளவு தொலைவு அலைந்தாலும் அந்த ஐந்து அடிக்குத் திரும்பி வந்தாக வேண்டும் என்பது அதன் இலக்கணம். இந்த இலக்கணத்தை அறியாத நடுவர், பொதுவான ஜாஸ் பிரிவில் அதைக் கேட்டால் எதை வைத்து எடைபோடுவார் என்பதே எதிர்ப்பாளர்களின் கேள்வியாக இருந்தது.

பாபி சனாப்ரியா, பென் லப்பிடஸ், மார்க் லெவின், யூஜின் மார்லோ ஆகிய நான்கு இசைக்கலைஞர்கள் 2011 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நிலைக்கவில்லை, எதிர்ப்பு நிலைத்தது. 2012 ஜூனில் லத்தீன் ஜாஸ் பிரிவு மீட்டளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவ்விருது கிளேர் ஃபிஷரின் இசைக்குழுவுக்குச் சென்றபோது, ஃபிஷர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

நியூயார்க்கில் கலைஞர்கள் தங்களுக்கென்று தனிப்பெட்டி ஒன்று வேண்டும் என்று போராடினார்கள். பத்தே ஆண்டு கழித்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மடிப்பில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குத் தனிப்பெட்டியே போதும், பொதுப்பெட்டியில் இடம் எதற்கு என்று மற்றவர்கள் வாதாடினார்கள். பெட்டி அதே பெட்டிதான். ஓரிடத்தில் வீடாகத் தெரிந்தது, இன்னோரிடத்தில் பட்டியாகத் தெரிந்தது.

கொடுங்கரைப் பள்ளத்தின் இரு கரை

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் சாலை வழியே வடமேற்காகச் சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் ஆனைகட்டி வரும். அங்கே கொடுங்கரைப் பள்ளம் என்ற ஓடை தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கிறது. கொங்கு வழக்கில் ‘பள்ளம்’ என்றால் ஓடை. மழைக்காலத்தில் மட்டும் தன் இருப்பைக் காட்டும் நீர்வழி. அத்தகைய ஒரு பள்ளம் இரு மாநிலங்களுக்கு எல்லையானது 1956 நவம்பர் 1 அன்று.

அதற்கு முன்பு அக்கரையில் இருக்கும் அட்டப்பாடி, மதராஸ் மாநிலத்து மலபார் மாவட்டத்தின் வள்ளுவநாடு தாலுகாவைச் சேர்ந்திருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிப்பின்போது மலபார் கேரளத்தோடு சேர, அட்டப்பாடியும் உடன் சென்றது. இருளர், முடுகர், குறும்பர் என்ற மூன்று பழங்குடியினர் வாழும் அந்த மலைநாட்டில் இருளரே பெரும்பான்மையினர். ஆனைகட்டி, மருதமலை, சிறுவாணி அடிவாரம், காரமடை, மேட்டுப்பாளையம் என்று இக்கரை முழுவதும் பரவியிருப்பவர்களும் அதே இருளர்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பள்ளத்தைத் தாண்டி நடந்துகொண்டே இருக்கிறது.

இருளரின் மொழி திராவிட மொழிக் குடும்பத்தில் தமிழுக்கு மிக நெருங்கிய உறவு. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெறாத மொழி. அவர்களது இசையில் பொறை, தவில் என்ற தோற்கருவிகளும், கொகல் என்ற குழலும், ஜால்ராவும் சேர்ந்து ஒலிக்கும். திருமணத்துக்கும் சாவுக்கும் அதே கருவிகளே முழங்கும், ஆட்டமும் உண்டு. மாடு மேய்க்கும்போது பாடும் பாட்டுக்கு மட்டும் கருவி இல்லை, மேடை இல்லை, கேட்பவர் என்று தனியே ஒருவரும் இல்லை.

அட்டப்பாடியின் அகளி அருகே நக்குப்பதி என்ற ஊரில் வாழும் நஞ்சம்மா அவ்வாறு மாடு மேய்த்துக்கொண்டு பாடியவர். அவரது குரல் 2020 பிப்ரவரியில் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்தின் வழியாக வெளியுலகை எட்டியது. அட்டப்பாடியையே களமாகக் கொண்ட அப்படத்தை எழுதி இயக்கிய சச்சி, படம் வெளிவந்த நான்கே மாதத்தில், ஜூன் 18 அன்று காலமானார். ‘களக்காத்த’ என்று தொடங்கும் பாட்டின் இருள மொழிச் சொற்கள் நஞ்சம்மாவுடையவை. படத்துக்கு இசை ஜேக்ஸ் பிஜாய்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, தேசிய திரைப்பட விருதுகளில் ‘பின்னணிப் பாடகி’ என்ற பெட்டி எப்போது, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பார்த்தாக வேண்டும். அந்தத் தேடல் மலையிலிருந்து இறங்கிக் காவிரிக் கரைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

கொடுமுடியின் குரல்

தமிழ் சினிமா பேசத் தொடங்கிய காலத்தில் நடிப்பவரே பாடினார். பாடத் தெரியாதவருக்கு நாயக வேடம் கிடைப்பது அரிது. ஒருவர் நடிக்க, அவருக்காக இன்னொருவர் பாடி ஒலிப்பதிவு செய்யும் முறை 1938-இல் ஏவி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் தமிழுக்கு வந்தது. திரைக்கு முன்னால் தெரியும் முகத்துக்குப் பின்னால் நிற்கும் குரல் என்பதால் ‘பின்னணி’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது. இருபது, முப்பது ஆண்டுகளில் அதுவே தனித் தொழிலாகி, எந்த இசையமைப்பாளர் எந்த மெட்டைக் கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் கற்றுப் பாடிவிடும் தேர்ச்சி அத்தொழிலின் இலக்கணமானது.

தேசிய விருதுக் குழு இந்தத் தொழிலைக் கண்டுகொண்டது 1960-களின் இறுதியில்தான். 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் முதன்முறையாகப் பின்னணிப் பாடகர் என்ற பிரிவு தோன்றி மகேந்திர கபூருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு பெண்களுக்கும் அது பிரிக்கப்பட்டபோது, முதல் விருது ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்காகப் பி. சுசீலாவுக்கு வந்தது. பின்னணிப் பாடகி என்ற சொல்லுக்கு அகராதியில் படம் போட வேண்டுமென்றால் சுசீலாவின் படத்தைத்தான் போட வேண்டும். ஆகவே அதில் வியப்பில்லை.

வியப்பு இரண்டாம் ஆண்டில் இருக்கிறது.

1969-ஆம் ஆண்டுப் படங்களுக்கான சிறந்த பின்னணிப் பாடகி விருது, ‘துணைவன்’ படத்துக்காகக் கே.பி. சுந்தராம்பாளுக்கு வழங்கப்பட்டது. ஈரோட்டுக்குத் தெற்கே காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-இல் பிறந்து, வறுமையில் ரயிலில் பாடித் திரிந்த சிறுமியாக நாடக உலகத்தார் கண்ணில் பட்டவர் என்று அவரது தொடக்கம் சொல்லப்படுகிறது. படத்தை எடுத்தவர் கோயம்புத்தூரில் பிறந்து, உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஸ்டுடியோவுக்கு வந்த சாண்டோ சின்னப்பா தேவர்; இயக்கியவர் அவருடைய தம்பி எம்.ஏ. திருமுகம். கொங்கு மண்ணின் முருக பக்தி முழுவதையும் கொட்டி எடுத்த படம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

சுந்தராம்பாள் எந்த நியாயத்தில் பின்னணிப் பாடகி? நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு நின்று பாடிய காலத்திலும், 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடம் பூண்டு நடித்ததற்கு ஒரு லட்ச ரூபாய் பெற்று ஊரையே வாய்பிளக்க வைத்தபோதும், ‘ஔவையார்’, ‘பூம்புகார்’, ‘திருவிளையாடல்’ என்று திரையில் தோன்றிய ஒவ்வொரு முறையும், அவர் தன் முகத்துக்குத் தானே பாடினார். அவரது குரல் யாருடைய முகத்துக்கும் பின்னால் நின்ற குரலன்று.

அதுமட்டுமின்றி, அந்தக் குரலின் பயிற்சிக்களமும் வேறு. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், தரை டிக்கெட்டுக்காரர்களைத் தாண்டிக் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக, நாடகப் பாடகர்கள் உயர்ந்த ‘கட்டை’யில் பாடினார்கள், கட்டை என்பது ஹார்மோனியத்தில் எந்த விசையை ஆதாரமாக வைத்துக்கொள்வது என்பதைக் குறிக்கும் தொழில்சொல். மைக்கின் அருகே மெல்லப் பாடி நயம் காட்டும் ஸ்டுடியோ முறைக்கும் அந்த முழக்கத்துக்கும் தொலைவு அதிகம். கச்சேரி மேடையின் அளவுகோலும் அதற்கு முழுதாகப் பொருந்தாது.

ஆக, ‘பின்னணிப் பாடகி’ என்ற பெட்டி செய்யப்பட்ட இரண்டாம் ஆண்டிலேயே, அந்தப் பெட்டியின் அளவுக்கு அடங்காத ஒரு பெண்ணை நடுவர்கள் அதற்குள் அமர வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அதை யாரும் குறையாகச் சொன்னதாக வரலாற்றில் பெரிய அடையாளம் இல்லை. சுந்தராம்பாளின் புகழ் அவ்வளவு ஓங்கியிருந்தது. 1951-லேயே சட்ட மேலவைக்குச் சென்றவர், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். பெட்டி பொருந்தாவிட்டால் பெட்டியைத்தான் குறை சொல்வார்கள், அவரை அல்ல.

புகழ் இல்லாத ஒருவர் அதே பெட்டிக்கு வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

2022 ஜூலை 22

முன்னோட்டம் திருவனந்தபுரத்தில் நடந்தது. 2020-ஆம் ஆண்டுப் படங்களுக்கான கேரள மாநில விருதுகள் 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த பாடகி விருது நித்யா மாமனுக்குச் சென்றது; நஞ்சம்மாவுக்கு நடுவர் குழுவின் சிறப்பு அங்கீகாரம் கிடைத்தது.

‘சிறப்பு’ என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் உயர்வைக் குறிக்கும். விருதுப் பட்டியலில் மட்டும் அது வரிசைக்கு வெளியே ஒதுக்கப்பட்ட இடத்தைக் குறிக்கும். பந்தியில் இடம் தராமல் திண்ணையில் தலைவாழை இலை போடுவது போன்ற மரியாதை அது. இலையில் குறை இருக்காது. உட்காரும் இடத்தில்தான் இருக்கும். அப்போது சர்ச்சை எதுவும் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2022 ஜூலை 22 அன்று புதுதில்லியில் 68-ஆவது தேசிய திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாடு அன்று ‘சூரரைப் போற்று’ பெற்ற ஐந்து விருதுகளின் மகிழ்ச்சியில் இருந்தது. அதே பட்டியலில் மறைந்த சச்சிக்குச் சிறந்த இயக்குநர் விருதும், பிஜு மேனனுக்குத் துணை நடிகர் விருதும் இருந்தன. சிறந்த பின்னணிப் பாடகி என்ற இடத்தில், ‘சிறப்பு’ என்ற அடைமொழி எதுவும் இல்லாமல், நஞ்சம்மா என்ற பெயர் இருந்தது.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தேசிய விருதுக் குழு மொழிக்கு மொழி பிரிவு வைத்திருக்கிறது. எட்டாவது அட்டவணையில் இல்லாத மொழிகளின் படங்களுக்குத் தனி வரிசை உண்டு, அந்த ஆண்டு துளுவும் திமாசாவும் ஹரியான்வியும் அதில் பரிசு பெற்றன. பாடகருக்கான விருதிலோ மொழிவேலி கிடையாது. இருள மொழிப் பாட்டு இந்திப் பாட்டோடும் தமிழ்ப் பாட்டோடும் ஒரே தட்டில் எடைபோடப்பட்டது அந்தத் திறந்த வாசலால்தான்.

சில நாட்களுக்குள் கேரளத்து இசைக்கலைஞர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்துப் பேசிய காணொளி பரவியது. ஆண்டுக்கணக்கில் இசை பயின்று, குரலைப் பேணி, அதையே வாழ்வாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள்; ஒரு சுருதியைக் கொடுத்து அதற்கேற்பப் பாடச் சொன்னால் நஞ்சம்மாவால் இயலாது; அவர் பாட்டு பிடித்திருந்தால் சிறப்பு அங்கீகாரம் கொடுத்திருக்கலாமே என்பது அவர் பேச்சின் சாரம். அல்போன்ஸ் ஜோசப், பிஜிபால், சித்தாரா கிருஷ்ணகுமார் முதலிய இசைக்கலைஞர்கள் நஞ்சம்மாவின் பக்கம் நின்றார்கள். விவாதத்தின் பெரும்பகுதி ‘மனத்திலிருந்து வந்த பாட்டா, பயிற்சியிலிருந்து வந்த பாட்டா’ என்ற வழக்கமான தடத்தில் ஓடிக் கரைந்துபோனது. அது பயனற்ற தடம். பயிற்சி பெற்றவரிடம் மனம் இல்லை என்றோ, மேய்ச்சல் காட்டில் பயிற்சி இல்லை என்றோ யார் சொன்னது?

எதிர்ப்பாளரின் வாதத்தை அதற்குரிய மதிப்போடு எடுத்துப் பார்ப்பதே பொருத்தம், ஏனெனில் அதில் ஓர் உண்மை இருக்கிறது.

சுருதி என்பது பாடுபவர் தன் பாட்டு முழுவதற்கும் ஆதாரமாக வைத்துக்கொள்ளும் ஒற்றை ஒலிநிலை. கச்சேரியில் தம்புராவோ சுருதிப் பெட்டியோ அதை இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகரின் காதில் மாட்டிய ஹெட்போனில் கீபோர்டின் ஒலியும், ‘கிளிக்’ என்று சொல்லப்படும் தாளத் துடிப்பும் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, முன்பின் கேட்டிராத மெட்டை, கொடுத்த கட்டையில், துடிப்பு பிசகாமல் பாடுவது ஒரு தொழில்திறம். அத்திறம் நஞ்சம்மாவிடம் கேட்கப்பட்டதில்லை. அவர் அதைத் தனக்குரியதாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை.

மேய்ச்சல் பாட்டின் ஒலி வேறு விதியில் நடக்கிறது. ஹார்மோனியத்திலும் கீபோர்டிலும் ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவே குரல் நிற்க இடமில்லை. எட்டு ஸ்வரத் தொலைவைப் பன்னிரண்டு சம கூறாக வெட்டி வைத்த கருவிகள் அவை. மலைச்சரிவில் விலகிப்போன மாட்டை நோக்கியோ, எதிர்ச்சரிவில் இருக்கும் ஆளை நோக்கியோ எழும் குரல் அந்தக் கூறுகளுக்கு நடுவே இழைந்து ஏறும், இறங்கும், மூச்சு முடியும் இடத்தில் வரி முடியும். ‘களக்காத்த’ பாட்டைக் காதில் வாங்குபவர், ஒவ்வொரு வரியின் கடைசி ஒலியும் நின்ற இடத்தில் நில்லாமல் சற்றே கீழே சரிவதை உணரலாம். கீபோர்டின் கணக்கில் அது பிசகு. அந்தச் சரிவை நேராக்கிவிட்டால் பாட்டில் எஞ்சுவது சொற்கள் மட்டுமே.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. 1997-இல் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் வந்தது முதல், பிசகிய சுருதியைக் கணினியில் இழுத்துச் சரியிடத்தில் பொருத்துவது உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களின் அன்றாட வேலையாகிவிட்டது. வரி வரியாகப் பாடி, நன்றாக வந்த துண்டுகளை ஒட்டித் தைத்துத்தான் பல பாடல்கள் வெளியாகின்றன. சுருதிச் சுத்தத்தைப் பின்னணிப் பாடகரின் தகுதிச் சான்றாக வைப்பவர்கள், அச்சான்றில் கையொப்பமிடுவது குரலா, எலிச்சொடுக்கா என்று முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இந்தப் பேச்சில் யாரும் நின்று நோக்காத திருப்பம் ஒன்று விருதின் விதியிலேயே இருக்கிறது. பின்னணிப் பாடகர் விருது, ஒருவர் அத்தொழிலில் எதையெல்லாம் பாட வல்லவர் என்பதற்காக வழங்கப்படுவதில்லை. அந்த ஆண்டு வெளியான ஒரு படத்தில் அவர் பாடியதற்காக வழங்கப்படுகிறது. எதிர்ப்பாளர் தொழிலை எடைபோட்டார், நடுவர்கள் பாட்டை எடைபோட்டார்கள். பெட்டியின் மேல் ‘பாடகி’ என்று ஆளின் பெயரை எழுதிவிட்டு, உள்ளே பாட்டை வைத்ததால் வந்த குழப்பம் இது. கொடுமுடிக்காரருக்குக் கொடுத்த 1969-ஆம் ஆண்டு விருதிலேயே இருந்த குழப்பம்.

2022 செப்டம்பர் 30 அன்று தில்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு விருதுகளை வழங்கினார். பழங்குடிச் சமூகத்திலிருந்து அப்பதவிக்கு வந்த முதல் தலைவர் அவர். பதவியேற்று மூன்று மாதம்கூட நிறையவில்லை. நஞ்சம்மா மேடைக்கு நடந்தபோது அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரஜத கமலமும் 50,000 ரூபாயும் நக்குப்பதிக்கு வந்து சேர்ந்தன.

கேட்கப்படாத கணக்கு

சுருதியைப் பற்றி அவ்வளவு பேசியவர்கள், உரிமையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் பேசவில்லை. தேசிய விருதில் பாடலாசிரியருக்கு ஒரு பெட்டி உண்டு, இசையமைப்பாளருக்கு ஒன்று உண்டு. ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடி உருட்டித் தந்த மெட்டு வகைக்கும் பாடுமுறைக்கும் பெட்டி கிடையாது. ஒரு பழங்குடிப் பாட்டு திரைக்கு வந்தால், எழுதிய பெயர் ஒன்று, இசையமைத்த பெயர் ஒன்று, பாடிய பெயர் ஒன்று என்று மூன்று தனியாட்களாகப் பிரித்தே அதைப் பட்டியலில் ஏற்ற முடியும். கூட்டத்தின் பெயரை எழுத அந்தப் படிவத்தில் கோடு இல்லை.

லத்தீன் ஜாஸ் கலைஞர்களின் வழக்கோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அவர்கள் ஆல்பம் வெளியிடுபவர்கள், அகாடமியில் உறுப்பினர்கள், வாக்குரிமை உடையவர்கள். பெட்டியைப் பறித்தபோது ‘எங்களைக் கேட்காமல் ஏன்’ என்று கேட்க அவர்களுக்குச் சட்டப்படி ஒரு வாசல் இருந்தது. அட்டப்பாடியில் பொறை அடிப்பவருக்கு எந்த விருதுக் குழுவிலும் வாக்கு இல்லை.

காரமடைப் பக்கம்

பள்ளத்துக்கு இக்கரையில், இரண்டு ஆண்டு கழித்து, இதே சிக்கல் இன்னொரு உருவில் வந்தது. 2024 ஜனவரி 25 மாலை வெளியான பத்ம விருதுப் பட்டியலில், காரமடை அருகே தாசம்பாளையத்தைச் சேர்ந்த 87 வயது பத்ரப்பனின் பெயர் இருந்தது. வள்ளி ஒயில் கும்மி என்ற நாட்டுப்புற நடனத்தில் வல்லவர் என்று அறிமுகம். ஆண்களே ஆடிவந்த கலையை மரபு மீறிப் பெண்களுக்கும் பயிற்றுவித்தவர் என்று பாராட்டு.

வள்ளி கும்மியை ஒருமுறை நேரில் கண்டவருக்கு ‘நடனம்’ என்ற சொல் சற்று உறுத்தும். கொங்கு ஊர்களில் இரவு உணவுக்குப் பின் கோவில் திடலில் வாரக்கணக்கில் பயிற்சி நடக்கும். பயிற்சி நிறைந்ததும் ஊரே கூடி அரங்கேற்றம் வைக்கும். ஒரே நிறச் சேலையும் காலில் சலங்கையுமாகப் பெண்கள் வட்டமாகவோ வரிசையாகவோ நிற்க, நடுவில் ஆசிரியர் மைக்கைப் பிடித்து நின்று வள்ளியின் கதையைப் பாட்டாக எடுத்துவிடுவார். தினைப்புனம் காத்ததும், வேடனாக முருகன் வந்ததும், மணம் முடிந்ததும் அவர் தொண்டை வழியேதான் நடந்தேறும். அவர் நடையை மாற்றினால் அத்தனை கால்களும் மாறும். அவர் பாட்டை நிறுத்தினால் ஆட்டமே இல்லை.

ஆசிரியர் என்று ஊர் அழைப்பது முதன்மையாகப் பாடுபவரை. அரசின் அறிமுகக் குறிப்புகூட அதைப் பாடலும் ஆடலும் கலந்த வடிவம் என்றே ஒப்புக்கொள்கிறது; பெயர் சூட்டும் இடத்துக்கு வந்ததும் நடனம் என்று முடித்துக்கொள்கிறது. சங்கீத நாடக அகாடமியின் விருதுப் பகுப்பும் இதற்கு உதவாது. அங்கே குரலிசைக்கும் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தனித்தனி வரிகள் இருக்க, நாட்டுப்புற, பழங்குடி ஆடல், பாடல், நாடகம் எல்லாம் பொம்மலாட்டத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரே தொகுப்பில் நெருக்கி நிற்கின்றன. தமிழ்நாட்டுக் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட விருதுகள், கலை இளமணி முதல் கலை முதுமணி வரை, வயதை வைத்து ஐந்து படிகளாக அமைந்தவை. கலையைப் பிரிப்பதைவிட வயதைப் பிரிப்பது எளிது என்று அத்துறைக்குத் தெரிந்திருக்கிறது போலும்.

சுந்தராம்பாள் முன்னால் நின்று பாடினார், விருது அவரைப் பின்னணி என்றது. நஞ்சம்மா பொதுவரிசையில் அமர்ந்தார், அவரைச் சிறப்பு வரிசைக்குப் போகச் சொன்னார்கள். பத்ரப்பன் பாடி ஆட வைத்தார், அவரது கலையின் பெயர் நடனம் என்று பதிவானது. மூவரையும் இணைக்கும் கொங்குச் சீமையின் இந்த ஐம்பத்தைந்து ஆண்டுக் கணக்கில், பெட்டியின் பெயரை எழுதிய கை மட்டும் இன்னும் வெளிச்சத்துக்கு வரவில்லை.

2016 முதல் பத்ம விருதுக்கு எவரும் எவரையும் இணையவழியே பரிந்துரைக்கலாம். அந்தப் படிவத்தில் துறையைக் குறிக்க ஓர் இடம் உண்டு. ஒரு கும்மி ஆசிரியருக்காக அந்த இடத்தை நிரப்ப உட்காருபவர், ‘நடனம்’ என்பதை விட்டுவிட்டு ‘இசை’ என்று குறித்து அனுப்பினால், தில்லியில் அந்தத் தாளைக் கையில் எடுப்பவர் அதை யாருடைய பாட்டோடு வைத்து எடைபோடுவார்?

(தொடரும்)